முதலில் அணைக்கக் கற்றுக்கொடுங்கள்

பள்ளி விட்டுத் தனியே வீடு திரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

நாமக்கல்லில் இருந்து எழுதுகிறேன். முட்டைக்குப் பேர்போன ஊர். இந்த மடலிலும் முட்டை வரும். ஆனால் என்னை எழுத வைத்தது அடுப்பு.

உங்களில் பலர் வீட்டில் இருவருமே வேலைக்குப் போகிறீர்கள். பிள்ளை நாலு மணிக்கு வேனில் இருந்து இறங்கி, பக்கத்து வீட்டில் சாவி வாங்கிக் கதவைத் திறந்து, நீங்கள் வரும்வரை தனியாக இருக்கிறது. "நாங்க இல்லாதப்ப அடுப்புகிட்டப் போகக் கூடாது" என்று சொல்லி வைத்திருப்பீர்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் நீங்கள் இருக்கும்போதும் அந்தப் பிள்ளை அடுப்புகிட்டப் போவதில்லையே! காலையில் உங்களுக்கு நேரமில்லை, மாலையில் தெம்பில்லை, ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் நிற்க இடமில்லை. அப்புறம் அது எப்போதுதான் கற்றுக்கொள்ளும்?

கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளை வீட்டுக்கு வரச் சொல்லிச் சமையல் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். முதல் நாள் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "வீட்ல யாரும் இல்லாதப்ப அடுப்பப் பத்த வெச்சிருக்கீங்களா கண்ணு?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நான் திட்டப் போவதில்லை என்று உறுதியானதும் கைகள் மெல்ல மேலே வரும். நூடுல்ஸ் போட, பால் காய்ச்ச, சிலர் சும்மா எரிகிறதா என்று பார்க்க. பற்றவைப்பதை உங்களைப் பார்த்தே கற்றுவிட்டார்கள். லைட்டர் எந்த ஆணியில் தொங்குகிறது, குமிழை எந்தப் பக்கம் திருக வேண்டும், எல்லாம் தெரியும். பற்றாவிட்டால் என்ன செய்வாய் என்றால் தெரியாது. எண்ணெய் புகைய ஆரம்பித்தால்? தெரியாது. பாவாடை நுனியில் தீ பிடித்தால்? "ஓடிப்போய் யாரையாவது கூப்பிடணும்." ஓடினால் தீ இன்னும் வேகமாகப் பரவும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுப்பை விலக்கி வைத்த பிள்ளையைவிட, அடுப்போடு பழக்கப்பட்ட பிள்ளைக்கு ஆபத்து குறைவு என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒன்பது, பத்து வயதாகிவிட்ட உங்கள் பிள்ளைக்கு, பக்கத்தில் நின்று, முட்டைப் பொடிமாஸ் செய்யக் கற்றுக்கொடுங்கள்.

முட்டை ஏன் என்றால், அது பத்து நிமிடத்தில் முடிகிற சமையல். பிள்ளையின் பொறுமைக்கு அதுதான் அளவு. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் இருக்கிறது. நான்கு மணிப் பசிக்குப் பிஸ்கட்டைவிட அது எவ்வளவோ மேல். நம் பிள்ளைகளுக்கு முட்டை புதிதும் இல்லை. சத்துணவில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, 2010 முதல் வாரம் ஐந்து முட்டையாகிவிட்டது. இத்தனை முட்டை சாப்பிட்டு வளரும் பிள்ளை ஒன்றையாவது தானே உடைத்துச் சமைக்க வேண்டாமா?

வேகவைத்த முட்டையில் இருந்துதானே ஆரம்பிக்க வேண்டும், அதுதானே சுலபம் என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேகவைப்பது சுலபம், வெந்த பிறகுதான் தொல்லை. கொதிக்கிற தண்ணீரோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிவரை நடக்க வேண்டும், நீராவி முகத்தில் அடிக்க வடிக்க வேண்டும். பிஞ்சுக் கைக்கு அது பெரிய வேலை. சிறு பிள்ளைகளின் காயங்களில் தீயால் வருவதைவிடச் சுடுதண்ணீர், பால், குழம்பு கொட்டி வருவதே அதிகம். ஆம்லெட்டுக்குத் திருப்பிப் போடும் கைப்பழக்கம் வேண்டும். பொடிமாஸில் இந்த இரண்டும் இல்லை. எண்ணெய் இரண்டு சிறு கரண்டி போதும், தீ சிம்மிலேயே இருக்கும், கிளறினால் ஆயிற்று. உடைந்தாலும் சிதறினாலும் அது பொடிமாஸ்தான். பிள்ளை தோற்க வழியே இல்லாத பண்டம்.

ஆனால் முட்டையை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அடுப்புக்கு ஒதுக்குங்கள். அன்றைக்குச் சமையல் வேண்டாம். இங்கேதான் நாம் எல்லோரும் வரிசையை மாற்றிப் போடுகிறோம். பற்றவைப்பதை முதலில் காட்டிவிட்டு, அணைப்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். முதல் நாள் பற்றவைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும், அணைப்பது பிள்ளையின் வேலை. நம் கேஸ் அடுப்புகளில் பெரும்பாலும் குமிழை அழுத்தித் திருகியதும் வருவது முழுத் தீ. இன்னும் திருகினால்தான் சிம். ஆக, சிம்மில் எரியும் அடுப்பை அணைக்கப் போனால் தீ சட்டென்று பெரிதாகி, அப்புறம்தான் அணையும். இது நமக்குக் கைப்பழக்கம், கவனித்திருக்கவே மாட்டோம். பிள்ளைக்கு அப்படி இல்லை. அணைக்கத் திருகினால் தீ ஏறுகிறதே என்று பயந்து, குமிழை விட்டுவிட்டுப் பின்னால் குதிக்கும். கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். "பெருசாகும், பயப்படாத, இன்னும் திருகு, அணைஞ்சிடும்" என்று சொல்லி, அதன் கையாலேயே பலமுறை செய்ய வையுங்கள். பயம் போய்க் கை தானாகத் திருகும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

அதன்பிறகு ரெகுலேட்டர். சிலிண்டர் எங்கே இருக்கிறது, ரெகுலேட்டரை எப்படித் திருகி மூடுவது என்று குனிந்து பார்த்து மூட வையுங்கள். பல வீடுகளில் பெரியவர்களிலேயே ஒருவருக்குத்தான் இது தெரியும். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயையும் அப்போதே பாருங்கள். அதற்கு ஐந்து ஆண்டுதான் ஆயுள். குழாயின் மேலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும். பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள்.

லைட்டர் கடைசியில்தான். பர்னர் அருகே லைட்டரைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அப்புறம் குமிழைத் திருக வேண்டும். வாயுவைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடக் கூடாது. முகம் பர்னருக்கு மேலே குனியக் கூடாது. இரண்டு மூன்று தட்டில் பற்றவில்லையா? குமிழை மூடிவிட்டு, சன்னலைத் திறந்து, வாடை போகும்வரை சும்மா நிற்க வேண்டும். இந்தச் "சும்மா நிற்பது"தான் பிள்ளைகளுக்குக் கடினம். வீம்புக்குத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் தேங்கிய வாயு குப்பென்று பிடிக்கும். தீக்குச்சியை இப்போதைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

கேஸ் வாடையைப் பற்றியும் அன்றைக்கே பேசிவிடுங்கள். சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே ஈத்தைல் மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித் தேங்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வாடை வந்தால் நாம் பெரியவர்களே முதலில் எதைச் செய்கிறோம்? வாடை போகட்டும் என்று எக்சாஸ்ட் ஃபேனைப் போடுகிறோம். சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும், அறையே பற்றிக்கொள்ளும். எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டர் கைக்கு எட்டினால் மூடிவிட்டு, வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகுதான் ஃபோன். கேஸ் கசிவுக்கென்றே 1906 என்ற அவசர எண் இருக்கிறது. தனியே சாவி திறந்து உள்ளே போகும் பிள்ளைக்கு, அது சமைக்கக் கற்காவிட்டாலும், இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

என் பிள்ளைக்கு வயது வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறீர்கள். நான் வயதைவிட உயரத்தைப் பார்ப்பேன். அடுப்பு முன்னால் நிற்கும் பிள்ளைக்கு வாணலியின் உள்பக்கம் மேலிருந்து தெரிய வேண்டும். முழங்கை பர்னரைவிட மேலே இருக்க வேண்டும். வாணலி முகத்துக்கு நேரே இருந்தால் தெறிப்பது கண்ணுக்குத்தான் போகும். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏற்றிவிடாதீர்கள், வழுக்கும். அகலமான, ஆடாத பலகை இருந்தால் சரி. இல்லாவிட்டால் இன்னும் ஓராண்டு போகட்டும். அதுவரை முட்டை உடைக்கலாம், அடிக்கலாம், உப்புப் போடலாம். அதுவும் சமையல்தானே. உயரத்தோடு இன்னொன்றும் பார்ப்பேன். "நில்லு" என்று சொன்னால் அந்த இடத்தில் நிற்கிற பிள்ளையா? நிற்கும் என்றால் அடுப்பு பழகலாம்.

உடை. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நைலான், பாலியஸ்டர் துணிகள் எரியும்போது உருகித் தோலோடு ஒட்டும். உடம்போடு பொருந்திய பருத்திச் சட்டைதான் அடுப்படிக்கு. துப்பட்டா வேண்டாம், தொங்கும் கை வேண்டாம், பின்னலை எடுத்து மேலே முடிந்துவிடுங்கள். துணியில் தீ பட்டால் ஓடாமல் நிற்க வேண்டும், கீழே படுக்க வேண்டும், கையால் முகத்தை மூடிக்கொண்டு உருள வேண்டும். நில், படு, உருள். கூடத்தில் பாய் விரித்து, விளையாட்டாகவே செய்து பாருங்கள். நீங்களும் உருளுங்கள். பிள்ளை சிரித்தாலும் பரவாயில்லை, உடம்புக்கு ஞாபகம் இருக்கும்.

இனி முட்டை.

கையை சோப்புப் போட்டுக் கழுவுவதில் தொடங்கி, கழுவுவதிலேயே முடியட்டும். முட்டை ஓட்டின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், சில வேளை உள்ளேயும். பச்சை முட்டை பட்ட கையோடு உப்பு ஜாடியைத் திறப்பதும், கண்ணைக் கசக்குவதும் பிள்ளைகளின் வழக்கம். உடைத்ததும் கழுவு, பிறகு மற்றதைத் தொடு. இது ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போகாமல் இருக்கிறேன். முட்டையை வாங்கி வந்தவுடனே மொத்தமாகக் கழுவி வைக்க வேண்டாம். ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்பு போய்விடும். கழுவுவதானால் உடைப்பதற்குச் சற்று முன்னால். கீறல் விட்ட முட்டை மலிவாகக் கிடைக்கும், பிள்ளை சமைப்பதற்கு அது ஆகாது.

ஒரு கிண்ணம் தண்ணீரில் முட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதியது அடியில் படுத்துவிடும். நாளானது நிமிர்ந்து நிற்கும். மிதந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். நாளாக ஆக உள்ளிருக்கும் ஈரம் ஓட்டின் நுண்துளைகள் வழியே போய், காற்றறை பெரிதாகிவிடுவதால் இப்படி. பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை அவ்வளவு பிடிக்கும், வீட்டிலுள்ள முட்டைகளை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வார்கள். அப்படியும் ஒவ்வொரு முட்டையையும் தனிச் சிறு கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்துப் பிறகுதான் மற்றதோடு சேர்க்க வேண்டும். கடைசியாக உடைத்தது கூமுட்டையாக இருந்தால் அத்தனையும் போச்சு. கிண்ணத்தின் விளிம்பில் தட்டினால் ஓடு உள்ளே சிதறும். சமமான மேடையில் தட்டினால் சிதறல் குறைவு. விழுந்த சில்லைக் கரண்டியால் துரத்த வேண்டாம், உடைந்த ஓட்டின் பாதியாலேயே அள்ளினால் வந்துவிடும்.

முதல் பொடிமாஸில் தாளிப்பு வேண்டாம். கடுகு வெடித்துத் தெறிக்கும். கறிவேப்பிலையில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் சீறும். பச்சை மிளகாய் வேண்டாம், நறுக்கிய கை கண்ணுக்குப் போகாமல் இருக்காது. மிளகுத்தூள் போதும். வெங்காயம் வேண்டுமென்றால் பெரிய வெங்காயம். நம் சமையலுக்குச் சின்ன வெங்காயம்தான் ருசி, ஆனால் அது உருண்டு ஓடும், பிஞ்சு விரலுக்கு அடியில் நிற்காது. பெரிய வெங்காயத்தை நீங்கள் இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் வைத்துக் கொடுத்தால் ஆடாது. பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அரிவாள்மனை பக்கம் இப்போதைக்கு விட வேண்டாம். நம் பாட்டிமார் எட்டு வயதில் அதில் உட்கார்ந்தார்கள் என்பது உண்மைதான். அவர்களுடைய விரல்களில் தழும்பு இருப்பதும் உண்மைதான்.

எல்லாவற்றையும் மேடையில் எடுத்து வைத்த பிறகுதான் அடுப்பு. முட்டை அடித்து, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலந்து தயார். தட்டு தயார். வாணலிக்குப் பொருந்தும் மூடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் தயார். வாணலி உள்ளும் வெளியும் ஈரம் போகத் துடைத்திருக்க வேண்டும். கைப்பிடி மேடையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, பக்கவாட்டில் திரும்பியிருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சிம்மில் எரியும் தீ காற்றில் அணைந்து, வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். வாணலியைப் பிடிக்கக் காய்ந்த தடித்த துணி. ஈரத்துணி சூட்டை உடனே கைக்கு ஏற்றிவிடும். நீங்கள் முந்தானையால் பாத்திரத்தை இறக்குகிறவராக இருந்தால், அருள்கூர்ந்து அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பிள்ளை உங்கள் வாயைப் பார்த்துக் கற்பதில்லை, கையைப் பார்த்துத்தான் கற்கிறது.

எண்ணெய் ஊற்றி, அது இளகியதும் வெங்காயம். வெங்காயம் நிறம் மாறியதும் முட்டைக் கலவை, வாணலியின் ஓரத்தை ஒட்டித் தாழ்வாக ஊற்ற வேண்டும். உயரத்தில் இருந்து ஊற்றினால் தெறிக்கும். ஊற்றிய உடனே கிளறாமல் சற்றுப் பொறுக்க வேண்டும். அடியில் வெள்ளையாகத் திரண்டு வருவதைப் பிள்ளை பார்க்கட்டும். அறுபது பாகை செல்சியசைத் தாண்டும்போது வெள்ளைக்கரு இறுகத் தொடங்குகிறது, மஞ்சள்கரு இன்னும் கொஞ்சம் சூடேறிய பிறகு. எழுபதைத் தாண்டிவிட்டால் இரண்டும் கெட்டியாகும், கிருமியும் சாகும். திரவம் ஒன்று சூட்டில் திடமாவதை வேறெந்தப் பாடத்திலும் பிள்ளை இவ்வளவு அருகில் பார்க்காது. பிறகு மெல்லக் கிளறி, ஈரப் பளபளப்பு எங்கும் இல்லாமல் உதிரியாக வந்ததும், மிளகுத்தூள் தூவுவதற்கு முன்னால் அடுப்பை அணைக்க வேண்டும். தூவிவிட்டு அணைக்கலாம் என்றால் மறந்துபோகும். குமிழை மூடி, தீ இல்லையென்று கண்ணால் பார்த்து, "அணைச்சுட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் இதைக் கத்தியே சொல்வார்கள்.

எண்ணெய் புகைந்தால் அடுப்பை அணை. எண்ணெயே தீப்பிடித்தால் அணைத்துவிட்டு மூடியைப் போட்டு மூடு, தூக்காதே, தண்ணீர் ஊற்றாதே. சுடுகிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் ஆவியாகிச் சிதறி, தீயை மேலே தூக்கியடிக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு உள்ளவர்கள் தீ இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அணைத்த பிறகும் கண்ணாடி சுடும். பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனையும் நடக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? பிள்ளைக்குப் பக்கத்தில், அடுப்புக் குமிழ் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பீர்கள். ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். "கொடு, நானே பண்ணிடறேன்" என்று கரண்டியைப் பிடுங்கத் தோன்றும். பிடுங்கினால் பிள்ளை கற்பது ஒன்றே ஒன்றுதான்: இது என்னால் ஆகாது. உப்பு கூடினால் கூடட்டும், கொஞ்சம் கருகினால் கருகட்டும். ஆபத்து என்றால் மட்டும் கை நீளட்டும். கத்த வேண்டாம். சுடு பாத்திரத்தின் அருகே நிற்கும் பிள்ளையை அதட்டினால் அது திடுக்கிடும், அதுவே விபத்தாகும்.

அப்பாக்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஆறு வயதானவர்களில் இருந்தே எல்லோரையும் கணக்கில் எடுத்தது. வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன பெண்கள் 81 விழுக்காடு, ஆண்கள் 26 விழுக்காடு. செய்பவர்களிலும் பெண் ஒரு நாளில் 299 நிமிடம் செய்தாள், ஆண் 97 நிமிடம். இந்த இடைவெளி பிறவியில் வருவதா? ஆறு வயதில் மகளை "கொஞ்சம் வெங்காயம் உரிச்சுக் குடு" என்று கூப்பிட்டு, மகனை வெளியே விளையாட அனுப்புகிறோமே, அங்கே தொடங்குகிறது. வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் பையன் ஒரு முட்டையைக்கூடப் பொரிக்கத் தெரியாமல் போகிறான். அதனால் இந்தப் பாடத்தை நீங்கள் எடுங்கள், மகனுக்கும் மகளுக்கும் சேர்த்து. உங்களுக்கே தெரியாதென்றால் பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

சுட்டுக்கொண்டால்? சின்னதாக ஒரு சூடு எப்படியும் படும். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். நாம் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம். ஐஸ் கூடாது. வளையல், மோதிரம், கயிறு எதுவும் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். பற்பசை, பேனா மை, இட்லி மாவு, வெண்ணெய் எதையும் பூசக் கூடாது. முட்டை சமைக்கும் இடத்தில் இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். தீப்புண்ணுக்கு முட்டை வெள்ளைக்கரு தடவுகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பச்சை முட்டையின் கிருமியைத் திறந்த புண்ணில் நாமே ஏற்றுகிறோம். சுத்தமான துணியால் மெல்ல மூடினால் போதும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, மூட்டு இவற்றில் பட்ட காயம் என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். பெரிதென்றால் 108.

பச்சை முட்டையைப் பற்றியும் பாட்டிமாரோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுப்பது அன்பினால்தான். ஆனால் சமைத்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் பாதி அளவுதான் சேர்கிறது என்று 1998-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டார்கள். கொடுக்கிற அன்பு முழுதாகச் சேர வேண்டுமென்றால் வேகவைத்துக் கொடுங்கள். நம் பக்கத்துக் கலக்கியும் ஹாஃப் பாயிலும் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் பிள்ளை கையால் செய்யும்போது முழுதாக வேகட்டும்.

முட்டை புழங்காத வீடுகளும், முட்டை ஒவ்வாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடலை மாவில் தக்காளி, வெங்காயம் நறுக்கிப் போட்டு ஊற்றும் தக்காளி ஆம்லெட் அவர்களுக்கு. சிம்மில் மெத்தென்று வெந்தால் போதும். அணைக்கும் பாடம், லைட்டர் பாடம், உடைப் பாடம் எல்லாம் ஒன்றுதான்.

கற்றுக்கொடுத்த பிறகு பிள்ளையைத் தனியே சமைக்க விட்டுவிடலாமா? கூடாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது மட்டும்தான். வேலைக்குக் கிளம்பும்போது ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள், அதைப் பிள்ளையையே மூடச் சொல்லுங்கள். ஏன் மூடுகிறோம் என்று இப்போது அதற்குத் தெரியும். காரணம் தெரிந்த பிள்ளை, நாம் பார்க்காத நேரத்திலும் அந்த விதியை மதிக்கும் என்பது இத்தனை கோடைகளில் நான் கண்டது.

நான்கு மணிப் பசிக்கு அதுவரை என்ன வழி? காலையில் இட்லி வேகும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் இரண்டு முட்டையை நீங்களே வேகவைத்து, ஆறியதும் ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே விட்டால் நம் வெயிலுக்குக் கெட்டுப்போகும். சாயங்காலம் பிள்ளை வந்து உரித்து, உப்பும் மிளகும் தூவிச் சாப்பிடட்டும். சூடு வேண்டுமென்று மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வையுங்கள். முழு முட்டை உள்ளே ஆவி கட்டி வெடிக்கும், வெளியே எடுத்துக் கடிக்கும்போதுகூட வெடிக்கும்.

வரும் சனிக்கிழமை அடுப்பை அணைக்கும் பாடம். ஞாயிறு பொடிமாஸ். அது நன்றாகக் கை வந்த பிறகு கறிவேப்பிலையைத் துடைத்துப் போட்டுத் தாளிப்பு, பிறகு ஆம்லெட், வேகவைத்த முட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில். பொடிமாஸ் எப்படி வந்தது என்று உங்கள் பிள்ளைகளை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நாமக்கல்லில் இருந்து ஓர் அத்தை